கண்டம் ஆன ஜீப்பின் பாடு

டிரைவர் ஏட்டு வீரராகவனைத் தேவதாஸ் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மீதி வீரராகவன் ஜீப்புக்கு அடியில் இருந்தார். காக்கி பேண்டின் ஓரம் மடித்து விடப்பட்டிருந்தது. இடது காலில் செருப்பு இல்லை. பிற்பாடு ஓர் அலுவலகத்தில், "இறந்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர்" என்ற கட்டத்தில் தேவதாஸ் தன் பெயரை எழுதினார். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது என்று சொல்லிப் பார்த்தார். உயிரோடு இருந்தார் என்பதற்கு அது சான்று, வீரராகவன்தான் என்பதற்குச் சான்று ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் குரல் வீரராகவனுடையதுதான்.

"யாருய்யா அது? வெளிச்சத்த மறைக்காத."

"நான்தான் ஏட்டய்யா. வண்டிய ஏலத்துல எடுத்தவன். கோரைமேட்டு தேவதாஸ்."

"எடுத்துட்டியா?" ஜீப்பின் அடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "பதினோரு வருஷம் ஓட்டுனேன். ரெண்டாவது கியர் நிக்காது, இடது முட்டியால முட்டுக் குடுக்கணும். ஹாரனை நம்பாத. நீ அடிச்சா அடிக்காது. திரும்பும்போது அதுவா அடிக்கும்."

"சரிங்க. லாக் புக்குல கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து ஒண்ணு வேணுமாம்."

"கை பூரா கிரீஸு. நாளைக்குக் காலைல வா, போட்டுத் தர்றேன்."

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். லாக் புக்கோடு அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த தேவதாஸ், அதை மடியில் மறைத்துக்கொண்டு மாலை வாங்க ஓடினார்.

தேவதாஸ் ஏன் போலீஸ் ஜீப் வாங்கினார் என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பழவேற்காடு ஏரிக்கரையில், நாற்பத்தொரு குடும்பம் உள்ள கோரைமேட்டுக் குப்பத்தில் நண்டு வாங்கி, கால் கட்டி, கூடையில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் டவுனுக்கு ஏற்றிப் போகிறவர். மனைவி சூசையம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "எதுக்கு?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாத ஆண்பிள்ளை எதை வேண்டுமானாலும் வாங்குவான். சிலர் கிளி வாங்குகிறார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெயரில் உலகத்தில் எதுவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு சூசையம்மாள் பெயரில். படகு மச்சான் சாம்சன் பெயரில். செல்போன் சிம் மகள் பெனிட்டா பெயரில். கரண்டு அவரைப் பெற்ற நைனா பெயரில். நைனா செத்துப் பத்து வருஷமாகியும் அந்த வீட்டில் இன்னும் அவர்தான் ஃபேன் போட்டுக்கொள்கிறார். தேவதாஸ் பெயரில் முறையாகச் சீட்டுப் போட்டு இருந்தது சர்க்கரை வியாதி ஒன்றுதான். சாவதற்குள் ஒரே ஒரு பொருளாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அந்தச் சமயம் பார்த்து, பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் ஏல அறிவிப்பைப் படித்தார். "கண்டம் செய்யப்பட்ட காவல் வாகனங்கள் பொது ஏலம்."

நண்டுக் கூடையோடு பக்கத்தில் நின்ற முனியம்மாளுக்கு அதைப் படித்துக் காட்டினார். முனியம்மாள் அவரைவிட நான்கு வயது மூத்தவள். வாய் நாற்பது வயது மூத்தது.

"கண்டம்னா போட்டுகீது?"

"அது இங்கிலீஷு. இனி ஆகாதுன்னு கழிச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

"எங்க ஊட்ல எல்லாருக்கும் கண்டம்னா ஒரே அர்த்தம்தான் தாசு. மனுஷனுக்குக் கண்டம்னா பரிகாரம் பண்ணுவான். வண்டிக்குக் கண்டம்னா உன் தலையில கட்டுவானா?"

ஏட்டு செத்துப்போன செய்தி வந்த அன்று அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. "பாத்தியா" என்று மட்டும் சொன்னாள்.

ஏலத்தில் அந்த ஜீப்பை எதிர்த்து யாரும் கேட்கவில்லை. அதைத் தன் அதிர்ஷ்டம் என்று தேவதாஸ் எடுத்துக்கொண்டார். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். துணைக்கு வந்த அப்துல் ஹை மட்டும் போகவில்லை. அவர் பழவேற்காட்டில் படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். பானெட்டைத் திறந்து பார்த்து, மூடி, மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு தாஸு."

"ஜாஸ்தியா பாய்?"

"நிலா இங்கேருந்து மூணு லட்சத்து எம்பத்து நாலாயிரம். இது நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்க இருபத்தெட்டாயிரம் ரோந்தும் சுத்திட்டு நிக்குது. இனிமே திரும்பி வரணும்."

"வந்துருமா?"

"இறக்கம்தானே" என்றார் அப்துல் ஹை.

அந்த நாளில் ஏரிக்கரை முழுக்க ஒரு நாகரிகம் பரவியிருந்தது. பைக்கில் "போலீஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது. தான் போலீஸாக இருக்க வேண்டியதில்லை. அண்ணனுடைய மாமனார் எப்போதோ ஊர்க்காவல் படையில் விசில் ஊதியிருந்தால் போதும். ஊரே ஒட்டிக்கொண்டிருந்தபோது தேவதாஸ் ஒருவர்தான் உட்கார்ந்து சுரண்டினார். சட்டப்படி அழிக்க வேண்டும் என்று ஏலக் காகிதத்தில் இருந்தது. ஆனால் பதினோரு வருஷ வெயிலில் சுற்றிலும் இருந்த பெயின்ட் வெளுத்துப்போய், எழுத்து இருந்த இடம் மட்டும் கருகருவென்று நின்றது. சுரண்டச் சுரண்ட "காவல்" இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பொன்னேரி தாண்டி ஜீப் வந்தபோது ஹெல்மெட் இல்லாதவர்கள் வயல் வரப்பில் இறங்கினார்கள். டீக்கடையில் இரண்டு பேர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்கள். தடுப்புக் கட்டை அருகில் ஒரு காவலர் சல்யூட் வைத்தார். அவருக்குப் பதில் மரியாதை செய்யலாம் என்று தேவதாஸ் கையைத் தூக்கப்போக, முட்டி விலகியது. கியர் கழன்று ஜீப் அவர் எதிரிலேயே நின்றது. இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்து அந்தக் காவலர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தேவதாஸ் அவர் பொத்தானைப் பார்த்து, சரியென்று தலையாட்டிவிட்டு, வண்டியை எடுத்தார். தன் வாழ்க்கையில் அரசாங்கத்தை அவர் சோதித்துப் பார்த்துச் சரியென்று விட்ட ஒரே சமயம் அது.

குப்பத்தில் முனியம்மாள் வழிமறித்தாள்.

"இன்னா தாசு, உன்னக் கொண்டாந்து வுட்டாங்களா, இட்டுக்கினு போக வந்துகீறாங்களா?"

"வாங்கிட்டேன்கா."

"மாட்டிக்கினவன் அல்லாரும் முதல்ல அப்டித்தான் சொல்வான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஊர் கூடியது. கூட்டியவர் ஊர்த் தலைவர் சாம்சன், சூசையம்மாளின் தம்பி. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் மீன் கிடைக்கும் இடங்கள் எல்லாருக்கும் பொது. எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலையை இறக்கினால் கையில் வருவது மீனாக இருக்காது, பக்கத்து வீட்டுக்காரன் சட்டையாக இருக்கும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன குடும்பத்துக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு எழுதும் நோட்டு இருபத்தாறு வருஷமாகத் தேவதாஸ் கையில் இருந்தது. ஊரில் கோணாமல் எழுதுகிறவர் அவர்தான். பாட்டை மீறினவன் வலையை அறுத்துப்போடச் சொல்லித் தீர்ப்பு எழுதியதும் அதே கைதான்.

சாம்சன் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், வண்டி யார் பேர்ல கீது?"

"மாத்தணும். எழுதிக் குடுத்துகீறேன்."

"இப்ப யார் பேர்ல?"

"கவர்மென்ட் பேர்ல."

"ஏரி யார் பேர்ல?"

"அதுவும் கவர்மென்ட் பேர்லதான்."

"கவர்மென்ட் ஏரியில நீ ஒருத்தனே தினம் வலை போட்டா வுட்ருவமா?"

"வுட மாட்டீங்க."

"அப்ப கவர்மென்ட் வண்டிய நீ ஒருத்தனே தினம் ஓட்டுனா?"

இந்தப் பேச்சில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று தேவதாஸுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. பாட்டை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமும் இல்லை.

"பேர் மாறுற வரைக்கும்தானே?" என்றார்.

"பேர் மாறிட்டா வண்டி உன்னுது. அது வரைக்கும்தான்" என்றார் சாம்சன். நாற்பது தலைகள் ஆடின.

சீட்டுக் குலுக்கினார்கள். ஜீப்பை வாங்கியவருக்கு முப்பத்தொன்பதாவது நாள் விழுந்தது. அவரே தன் கையால், கோணாமல், நோட்டில் எழுதிக்கொண்டார். டீசல் அந்தந்த நாள் பாட்டுக்காரர் பொறுப்பு என்றும், பாடு விடிகாலை மாதா கோயில் மணியோடு கை மாறும் என்றும், முறையை யாருக்காகவும் மாற்றக் கூடாது என்றும் முதல் பக்கத்தில் விதிகள் எழுதினார். ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுத மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வண்டி கல்யாணத்துக்குப் போனது, ரேஷனுக்குப் போனது, முடிவெட்டப் பொன்னேரிக்குப் போனது. ஒருவர் தன் நாளில் அதை எங்கும் எடுக்கவில்லை. வாசலில் நிறுத்தி, முன் சீட்டில் உட்கார்ந்து, பொழுது போகும்வரை பீடி குடித்தார். அது அவர் பாடு. கேட்க முடியாது. இரண்டாவது கியருக்கு முட்டி கொடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால், நாற்பத்தொரு நாளும் ஓட்டியவர் தேவதாஸ். நண்டுக் கூடையை மட்டும் காலையிலேயே ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து ஓட்டினார். பாடு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

ஆகவே பெயரை மாற்றுவது அவசரமானது. வாகன அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் கோமளா என்ற அம்மாள் இருந்தார். குரலை உயர்த்தாதவர். உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் முகத்திலேயே தெரியும். அதனால் கோபிக்கவும் வழியில்லை.

"ஐயா, லாக் புக்குல கடைசி ஓட்டுநர் கையெழுத்து இல்லையே."

"அவர் செத்துட்டாரும்மா."

"அடடா. அப்ப அவருக்கு முந்தின ஓட்டுநர் போட்டாலும் போதும்."

"பதினோரு வருஷமும் அவரேதாம்மா."

கோமளா விதிப் புத்தகத்தைப் பார்த்தார். "அப்படின்னா முந்தினவரும் அவரேதான். ரெண்டு கையெழுத்து பாக்கி வருது."

இதற்காகத்தான் கடைசியாக உயிரோடு பார்த்தவர் என்ற படிவமும், கால் கட்டைவிரல் விசாரணையும் நடந்தன. அந்த ஆதாரம் தள்ளுபடியானாலும், கோமளா மனம் தளரவில்லை. "கையெழுத்தை விட்டுடலாம்யா. ஸ்டேஷன்ல தடையின்மைச் சான்று வாங்கிட்டு வாங்க. இந்த வண்டி மேல வழக்கு எதுவும் இல்லைன்னு."

"இது போலீஸ் வண்டிம்மா."

"அதனாலதான் கேக்குறோம். ஊர்ல நடந்த எல்லா வழக்குலயும் இது இருந்திருக்குமே."

தேவதாஸுக்கு இதிலும் ஓட்டை தெரியவில்லை. "அப்புறம் ஒரு நாள் வண்டி நேர்ல ஆஜராகணும். தேதி தபால்ல வரும்" என்றார் கோமளா.

மேட்டுக்கரை காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் இளவழகன் வெளியே வந்து ஜீப்பைச் சுற்றிவந்தார். இளைஞர். படித்தவர். ஸ்டேஷன் ஜீப் ஐந்து மாதமாக ஒர்க் ஷாப்பில் உதிரி பாகத்துக்குத் தவம் கிடந்ததால், தன் சொந்த பைக்கில் சட்டம் ஒழுங்கைக் காப்பாற்றிவந்தார்.

"இது நம்ம பழைய வண்டியாச்சே. கண்டம்னு நாங்கதான் எழுதிக் குடுத்தோம். ஓடுதா?"

"ஓடுதுங்க ஐயா."

"அப்ப எழுதினது தப்பாயிடுமே" என்று கவலைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, எங்க பெரிய ஐயா விசிட் வர்றார். பைக்ல போய் நின்னா நல்லா இருக்காது. ஒரு நாள் குடுங்க. சான்று தானா வரும்."

"வண்டிக்குப் பாடு எழுதியாச்சுங்க ஐயா."

பாடு என்றால் என்ன என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

"போலீஸுக்கே முறையா?"

"ஃபாதரே கேட்டாலும் முறை முறைதாங்க."

இளவழகன் யோசித்தார். எவ்வளவோ மனுக்களை முறைப்படி வரட்டும் என்று திருப்பி அனுப்பியவர். "சரி. ஸ்டேஷனையும் சேத்துக்கங்க" என்றார். அவரே வந்து, தொப்பியைக் கழற்றி, சீட்டை எடுத்தார். நாற்பத்திரண்டாவது குடும்பம், மேட்டுக்கரை காவல் நிலையம், தேதி பதினேழு என்று தேவதாஸ் எழுதினார்.

மறுவாரம் தபால் வந்தது. மேற்படி வாகனம் பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்கு அதன் நகல்களுடன் ஆஜராக வேண்டும்.

தேவதாஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். "அன்னிக்குத்தானே பெரிய ஐயா வர்றார்" என்றார் இளவழகன். தேவதாஸ் அங்கிருந்து மச்சானிடம் ஓடினார்.

"நாளை மாத்திக் குடு சாம்சா. என் பேர்ல வண்டி வர்ற நாளு அது."

"மாத்தக் கூடாதுன்னு நோட்டுல எழுதுனது யாரு?"

"நான்தான்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்பால இன்னா மச்சான்? உனக்காக மாத்துனா நாளைக்கு ஏரியில எவன் கேப்பான்?"

பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தேவதாஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். வாகன அலுவலகத்துக்கு நேர் எதிர்த் திசையில். பின்னால் இளவழகனும், பக்கத்தில் பெரிய ஐயாவும் இருந்தார்கள். திருப்பத்தில் ஹாரன் தானாக அடித்தது. "எச்சரிக்கையான டிரைவர்" என்றார் பெரிய ஐயா. இறங்கும்போது பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "துறை வண்டின்னா இப்படி வச்சிருக்கணும். இன்னும் பத்து வருஷம் ஓடும். இதைப் பாத்துத்தான் மத்த ஸ்டேஷன்காரங்க கத்துக்கணும்." தேவதாஸ் இடது முட்டியைக் கியரிலிருந்து எடுக்காமலேயே வணக்கம் வைத்தார்.

பத்து நாள் கழித்து வாகன அலுவலகத்திலிருந்து காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் போனது. பார்வையில் காணும் அறிவிப்பின்படி ஆஜராகத் தவறிய மேற்படி வாகனத்தை, அது எங்கிருந்தாலும் தேடிக் கண்டுபிடித்து, உடனடியாக அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இளவழகன் உடனடியாகச் செயல்பட விரும்பினார். ஆனால் தேடப் போவதற்கு வண்டி வேண்டும். ஸ்டேஷன் பாடு வர இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது. காத்திருந்தார்.

அந்த நாள் வந்ததும் ஜீப்பில் ஏறிக் கோரைமேட்டுக்கு வந்தார். ஓட்டியவர் தேவதாஸ். தன் வீட்டு வாசலில் தானே நிறுத்தினார். முன்சீட்டிலிருந்து இறங்காமலேயே இளவழகன் காகிதத்தைப் பிரித்தார்.

"தேவதாஸ் யாரு?"

"நான்தாங்க ஐயா."

"உங்க வண்டி எங்க?"

"நீங்க உக்காந்துகினு இருக்கறதுதாங்க."

"இது ஸ்டேஷன் பாட்டு வண்டி. நான் கேக்குறது காணாம போன வண்டிய."

"ரெண்டும் ஒண்ணுதாங்களே."

"நிதானமா பேசுங்க பெரியவரே. காணாம போன வண்டியில நான் ட்யூட்டி பாத்தேன்னு எழுதட்டுமா? பெரிய ஐயாவைத் தலைமறைவு வண்டியில ஏத்துனேன்னு எழுதட்டுமா?"

"வேணாங்க."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. இளவழகன் இறங்கிவந்து எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "கண்டுபிடிச்சேன்னு எழுதுனா, வண்டியைப் பறிமுதல் பண்ணி ஸ்டேஷன் பின்னால நிறுத்தணும். அங்க நிக்கிற வண்டிங்களைப் பாத்திருக்கீங்க இல்ல? உள்ள மரம் முளைச்சுக் கூரைக்கு மேல பூத்திருக்கு. தேடியும் கிடைக்கலைன்னு எழுதுனா, வண்டி ஓடிட்டிருக்கும். எது வேணும்?"

மறுநாள் முனியம்மாள் பாடு. அதற்கடுத்த நாள் சாம்சனுடையது.

"கிடைக்கலைங்க ஐயா" என்றார் சாம்சன். ஊரும் அதையே சொன்னது.

ஆனால் இளவழகன் தேடாமல் எழுதுகிறவர் அல்ல. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறையைத் திறந்து பார்த்தார். நண்டுக் கூடையைக் கிளறப்போய் விரலைக் கொடுத்துவிட்டு எடுத்தார். "அரிசிப் பானையில பாத்தியா சாரு?" என்றாள் முனியம்மாள். அதையும் பார்த்தார்.

பிறகு ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை விரித்து, தேடியதற்குச் சாட்சியாக மகஜர் எழுதினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதியவர் தேவதாஸ். "மேற்படி வாகனம் கோரைமேடு குப்பம் முழுவதும் தேடியும் தென்படவில்லை" என்று எழுதும்போது பானெட் சூடு உள்ளங்கையைச் சுட்டது. பேனா நின்றது.

"ஐயா, அப்ப என் பேரு?"

"பேரா?"

"ஆர்.சி.யில என் பேரு. மாறுமா?"

"அது வேற ஆபீஸு" என்றார் இளவழகன். தப்பாகவும் சொல்லவில்லை.

நாற்பது குடும்பமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. முனியம்மாள் கைநாட்டு வைத்தாள். நாற்பத்தோராவது கையெழுத்தாகத் தன் வண்டி இல்லை என்று தேவதாஸும் போட்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எழுதியவர் கையெழுத்துப் போடாவிட்டால் மகஜர் செல்லாது என்று அவரே எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு விடிகாலை, முனியம்மாள் பேத்தி ஷாலினியைப் பொன்னேரியில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, ஏரியை ஒட்டிய மண் சாலையில் ஜீப் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதே நேரம் மாதா கோயில் மணி அடித்தது. மணிக்கு முன்பு நின்றதா, பின்பு நின்றதா என்பதுதான் கேள்வி.

"மணி அடிச்சப்பறம்தான் நின்னுச்சு. சாம்சன் பாடு" என்றாள் முனியம்மாள்.

"நின்னப்பறம்தான் மணி அடிச்சது. அக்கா பாடு" என்றார் சாம்சன்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். தேவதாஸ் நனையாமல் கொண்டுவந்து விரித்தார். ரிப்பேரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எழுதாத மனிதனை எல்லாரும் பார்த்தார்கள். ஊர் கூடி முடிவெடுக்கும்வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது, தொட்டால் தொட்டவர் பாடாகிவிடும் என்று சாம்சன் அறிவித்தார். கயிற்றைக் கட்டி இழுக்க இருபது பேர் போதும். நாற்பத்தொரு குடும்பமும் கரையில் நின்று, குடை பிடித்துக்கொண்டு, யாரும் தொடாமல் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். காணாமல் போனதாக முடித்துவிட்ட வண்டியைப் பற்றிப் புதிதாகப் புகார் வாங்க முடியாது என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் ஏரி ஏறியது. தண்ணீர் வடிந்தபோது அப்துல் ஹை வந்து பானெட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கெளுத்தி துள்ளியது.

"உப்புத் தண்ணி குடிச்சிருச்சு தாஸு. முடிஞ்சுது. நிலாவுலேருந்து கரெக்டா வந்து, வீட்டு வாசல்ல வுட்டுட்ட."

அதன் பிறகு மட்டும் கோரைமேடு சுறுசுறுப்பானது. சீட் ஒரு படகுக்குப் போனது. கதவு ஒரு கோழிக் கூண்டுக்குப் போனது. டயர்கள் படித்துறையில் படகு மோதாமல் தொங்கின. இது எதிலும் சண்டை இல்லை. முறை வைத்துத்தான் கழற்றினார்கள். முப்பத்தொன்பதாவது நாள் தேவதாஸ் போனபோது அங்கே தரை இருந்தது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் தபால்காரர் அவரைத் தேடி வந்தார். ஒரு கவர். உள்ளே ஒரு கடிதமும், கடிதத்தோடு ஆர்.சி. அட்டையும் இருந்தன. "மேற்படி வாகனம் தேடியும் தென்படவில்லை எனக் காவல் நிலையம் சான்றளித்துள்ளது. தென்படாத வாகனத்தின் மீது வழக்கோ ஆட்சேபணையோ இருக்க இயலாது. எனவே தடையின்மை ஐயமற நிறுவப்பட்டதாகக் கருதி, பெயர் மாற்றம் இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது." கீழே ஓரத்தில் பேனாவால், "வாழ்த்துகள் ஐயா - கோமளா" என்று எழுதியிருந்தது.

அட்டையில் தேவதாஸ் என்று இருந்தது. எழுத்துப்பிழை இல்லை. நைனா பெயரும் சரியாக இருந்தது. ஐந்து தடவை படித்தார். வேட்டி முனையால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அறுபது வயதில் அவர் பெயரில் ஒரு பொருள் வந்துவிட்டது. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அதனால் வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

முனியம்மாள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாசு, வர்ற வெள்ளிக்கெழம ஷாலினியப் பொண்ணு பாக்க வராங்க. இத்த எங்க ஊட்டு ஷோகேஸுல வெச்சா, தாத்தா முறைக்காரர் ஜீப் வெச்சுகீறார்னு சொல்லிக்கலாம். மூணு நாளு குடேன்."

"எனக்கும் வேணும். பையனுக்கு லோன் கேட்டுகீறேன்" என்றது ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கை கலக்கும்போல இருந்தது. சாம்சன் ஓடிவந்து நடுவில் நின்றார்.

"என் பேர்ல வந்துருச்சு சாம்சா" என்றார் தேவதாஸ். "பேர் மாறுற வரைக்கும்தான்னு நீதான் சொன்ன."

"சொன்னேன் மச்சான். பேர் மாறிட்டா வண்டி உன்னுதுன்னு சொன்னேன். வண்டிய நீயே வெச்சிக்க, எவனும் கேக்கல. ஆனா இந்த அட்டை எப்டி வந்துச்சு? கிடைக்கலன்னு நாங்க அல்லாரும் கையெழுத்துப் போட்டதால வந்துச்சு. போடலன்னா வந்திருக்குமா?"

தேவதாஸ் வீட்டுக்குள் போய் நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்தார்.

அட்டை இப்போது முனியம்மாள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வீட்டுக்கு மூன்று நாள். தேவதாஸின் முறை பங்குனி பிறந்து ஆறாம் நாள்.